பிசகு பொறுக்கும் கேக்

ஒரே நிறத்தில் செய்த கேக் தனக்குள் நடந்ததை வெளியே காட்டாது. மாவு எந்தப் பக்கம் ஓடியது, எந்த ஓரம் முதலில் வெந்தது, நடுப்பகுதி எவ்வளவு நேரம் இளகிக் கிடந்தது எல்லாமே அந்த ஒற்றை நிறத்துக்குள் மறைந்துவிடும். அதே மாவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் கோகோ கலந்து, வெள்ளையும் பழுப்புமாக மாற்றி மாற்றி ஊற்றி வேகவைத்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். துண்டு போட்டதும் ஒவ்வொரு வரியும் சாட்சி சொல்லும். ஜீப்ரா கேக் என்று நாம் அழைக்கும் இந்தக் கேக் பார்க்க அழகானது. அதோடு, அடுப்புக்குள் நடந்ததைப் பதிவு செய்து தரும் நல்ல அளவுகருவி.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையை அடுத்து வருகிறது பென்னலூர். கார், கண்ணாடி, டயர், மின்னணுப் பொருள் என்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி இது. இங்கே ஒரு வீட்டுச் சமையலறையில், ஓடிஜி ஓவனை வைத்துக்கொண்டு, வட்டம் வட்டமாக வரி விழும் கேக்கைச் சரியாகக் கொண்டுவரப் பாடுபடும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஒரு நாள் வரி கச்சிதமாக வருகிறது. மறு வாரம் அதே அளவு, அதே டின், அதே நேரம். ஆனால் நடுவில் வரிகள் மேல்நோக்கி வளைந்து, ஓரத்தில் நசுங்கிப் போகின்றன. என்ன மாறியது? இந்தக் கேள்விக்கான விடை பாய்ம இயற்பியலில் தொடங்கி, அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு முறையில் போய் முடிகிறது.

கேக்கில் வடிவம் வரும் மூன்று வழிகள்

உலகில் உள்ள வடிவக் கேக்குகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதல் குடும்பத்தில் வெந்த கேக்கை வெட்டி அடுக்குவார்கள். இலங்கையில் பிறந்தநாள் வீடுகளில் வைக்கும் ரிப்பன் கேக் இந்த வகை. ரோஸ், பச்சை, வெள்ளை என்று தனித்தனியாக வெந்த பட்டர் கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே கிரீம் பூசி ஒட்டுகிறார்கள். இரண்டாவது குடும்பத்தில் ஓர் அடுக்கு வெந்த பிறகே அடுத்த அடுக்கை ஊற்றுவார்கள். இந்தோனேசியாவின் லாபிஸ் லெகிட், மலேசியாவில் சரவாக் மாநிலத்தின் கேக் லாபிஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. இந்த இரண்டு குடும்பங்களிலும் நிறங்கள் கலக்க வாய்ப்பே இல்லை. வரி பிசகினால் அதற்குக் காரணம் கையும் கத்தியும்தான்.

மூன்றாவது குடும்பம்தான் கடினமானது. மார்பிள் கேக்கும் ஜீப்ரா கேக்கும் இதில் அடங்கும். இரண்டு நிற மாவும் இளகிய நிலையிலேயே டின்னுக்குள் சந்திக்கின்றன. அதன்பின் அரை மணி நேரத்துக்கு மேல், கை தொட முடியாத சூட்டில், அவை தம் போக்கில் நகர்கின்றன. இங்கே வரியைத் தீர்மானிப்பவை இரண்டு கட்டங்கள்: ஊற்றும் நேரம், வேகும் நேரம்.

ஊற்றும்போது நடப்பது

1883ஆம் ஆண்டு மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். கண்ணாடிக் குழாயில் நீரை ஓடவிட்டு, அதன் நடுவே மெல்லிய சாயக் கோடு ஒன்றைச் செலுத்தினார். ஓட்டம் மெதுவாக இருந்தவரை அந்தக் கோடு கலையாமல் நேராகச் சென்றது. வேகம் கூடியதும் நெளிந்து, சுழன்று, குழாய் முழுக்கப் பரவியது. எந்த நிலையில் கோடு நிலைக்கும், எந்த நிலையில் குலையும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. பாய்மத்தின் அடர்த்தி, வேகம், ஓட்டத்தின் அகலம் மூன்றையும் பெருக்கி, பாகுத்தன்மையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். பொறியியல் கல்லூரிகளின் பாய்மவியல் ஆய்வகத்தில் மாணவர்கள் இந்தச் சாயக் கோட்டை இன்றும் பார்க்கிறார்கள். பென்னலூரிலேயே அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது: 1985இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி.

இந்த எண்ணைக் கேக் மாவுக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 செ.மீ. அகலத்தில், விநாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் பரவும் நீருக்கு ரெனால்ட்ஸ் எண் 1000 வரும். ஊற்றும் பதத்திலுள்ள கேக் மாவு நீரைவிடச் சில ஆயிரம் மடங்கு பாகானது. ஆகவே அதே அகலம், அதே வேகத்தில் அதன் எண் 1க்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் சுழல் பிறக்கவே வழியில்லை. ஒவ்வொரு படலமும் பக்கத்துப் படலத்தை ஒட்டியபடியே நகரும். ஜீப்ரா கேக்கில் வரி விழுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

1960களில் ஜி.ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ஒரு கல்விப் படத்தில் இதை மறக்க முடியாத விதத்தில் காட்டினார். இரண்டு உருளைகளுக்கு இடையே பாகான திரவத்தை நிரப்பி, அதில் ஒரு சாயப் பொட்டு வைத்து, உள் உருளையைச் சுற்றினார். பொட்டு இழுபட்டு மறைந்தது. எதிர்த்திசையில் அத்தனை சுற்று திருப்பியதும் அதே இடத்தில் மீண்டும் தெரிந்தது. அதாவது, பாகான மாவில் நிறம் காணாமல் போவது கலந்துவிட்டதால் அல்ல. வரி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிட்டதால்தான்.

மார்பிள் கேக்கில் குச்சியால் கோலம் இழுப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி மடிக்கும்போது அடுக்குகள் பெருகுவதைப் போல, ஒவ்வொரு இழுப்பும் மடிப்பும் வரியின் தடிமனைப் பாதியாக்குகிறது. 2 செ.மீ. தடிமனுள்ள வரி எட்டு மடிப்புக்குப் பிறகு 0.08 மி.மீ. ஆகிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் நம் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 0.1 மி.மீ. எட்டே மடிப்பில் பழுப்பும் வெள்ளையும் ஒரே நிறமாகத் தெரியத் தொடங்குவது இதனால்தான். 1984இல் ஹசன் ஆரெஃப் என்ற அறிவியலாளர், கொந்தளிப்பு இல்லாத ஓட்டத்திலும் இழுப்பும் மடிப்புமாகவே நல்ல கலவை நடந்துவிடும் என்று கணித மாதிரியின் மூலம் காட்டினார். மூன்று நான்கு இழுப்போடு குச்சியை எடுத்துவிடுவதே நல்லது.

நிறம் தானாகக் கசிந்து பரவாதா என்ற ஐயம் எழும். நீரில் கரைந்த சாயத்தின் விரவல் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், 35 நிமிடத்தில் அது ஒன்றரை மி.மீ. தூரத்தையே எட்டும், அதுவும் வெறும் நீரில். மாவின் பாகில் இன்னும் குறைவு. கோகோவோ கரைவதே இல்லை. அதன் துகள்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே வரி கலைந்தால் கசிவைச் சந்தேகிக்க வேண்டாம். மாவு ஓடியிருக்கிறது என்று பொருள்.

இனி வளையங்களின் கணக்கு. ஜீப்ரா கேக்கில் டின்னின் நடுவிலேயே ஒரு கரண்டி வெள்ளை, அதன்மேல் ஒரு கரண்டி பழுப்பு என்று ஊற்றிக்கொண்டே போக வேண்டும். புதிதாக விழும் மாவு பழையதை வெளியே தள்ளும். முதலில் ஊற்றியது கடைசி வளையமாகப் போய் நிற்கும். எல்லோரும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஊற்றுகிறார்கள். அப்படி ஊற்றினால் வளையங்கள் ஒரே அகலத்தில் அமையாது. சம அளவு மாவு சமப் பரப்பைத்தான் நிரப்பும்; வட்டத்தின் பரப்போ ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 20 செ.மீ. விட்டமுள்ள டின்னில் எட்டு முறை சமமாக ஊற்றினால், நடுவட்டம் 7 செ.மீ. விட்டத்துக்குப் பரந்திருக்கும், கடைசி வளையத்தின் அகலம் வெறும் 0.65 செ.மீ.தான்.

எட்டு வளையமும் ஒரே அகலத்தில் வர வேண்டுமானால் ஊற்றும் அளவுகள் ஒற்றைப்படை எண்களாக இறங்க வேண்டும்: 15, 13, 11, 9, 7, 5, 3, 1. இவற்றின் கூட்டுத்தொகை 64, அதாவது 8இன் வர்க்கம். மொத்தம் 640 மி.லி. மாவு என்றால் முதல் ஊற்று 150 மி.லி., அடுத்தது 130 மி.லி.; கடைசி ஊற்று 10 மி.லி., இரண்டு டீஸ்பூன். இது தொடக்கக் கணக்கு. டின்னின் அடியைத் தொடும் மாவு அங்கேயே ஒட்டிக்கொண்டு பின்தங்கும். மேலே உள்ளது முன்னே போகும். வெட்டுமுகத்தில் வரிகள் அடுக்கி வைத்த கிண்ணங்களாக வளைந்து தெரிவது இந்த ஒட்டலால்தான். ஒரு கேக்கை வெட்டி, அளந்து, அடுத்த முறை ஊற்றும் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாவும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டத்தின் மிக முக்கியமான விதி. கோகோ பவுடர் மைதாவைவிட அதிக நீரை உறிஞ்சும். எடைக்கு எடை மாற்றிப் போட்டாலும் பழுப்பு மாவு கெட்டியாகிவிடும். கொஞ்சம் பால் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். கண் மதிப்பை நம்பாமல் இதை அளக்கலாம். கார் தொழிற்சாலைகளின் பெயின்ட் பிரிவில், அடியில் துளையிட்ட சிறு கிண்ணத்தில் பெயின்ட்டை நிரப்பி, அது வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். சமையலறையில் ஒரு புனல் போதும். இரண்டு மாவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வடிய வேண்டும். அடர்த்திக்கும் எளிய வழி உண்டு. ஒரே கிண்ணத்தைத் தண்ணீராலும் மாவாலும் நிரப்பி எடைபோட்டு, இரண்டையும் வகுத்தால் போதும். அடித்துவைத்த மாவு காத்திருந்தால் காற்றுக் குமிழிகள் வெளியேறி அது கனத்துவிடும். கனமான மாவு மேலேயும் லேசானது கீழேயும் இருந்தால் மேலது விரல் விரலாகக் கீழே இறங்கும். இந்த நிலையின்மையை முதலில் ரேலி என்ற இயற்பியலாளரும் பிறகு அதே டெய்லரும் விளக்கினார்கள்.

வேகும்போது நடப்பது

சூடு ஏற ஏற மாவு முதலில் இளகும், பிறகுதான் இறுகும். கோதுமை மாவுச்சத்து வெறும் நீரில் 60 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் உப்பிக் கூழாகத் தொடங்கும். சர்க்கரை மிகுந்த கேக் மாவில் அந்த வெப்பநிலை 80 டிகிரியைத் தாண்டிப் போகிறது. முட்டைப் புரதம் இறுகுவதும் இதே சமயத்தில்தான். அதுவரை பேக்கிங் பவுடரின் வாயு குமிழிகளை ஊதிக்கொண்டே இருக்கும். மாவு நகர்ந்துகொண்டே இருக்கும். 1966இல் ட்ரிம்போ, மா, மில்லர் என்ற மூவர் அடுப்புக்குள் கேக் மாவு ஓடும் விதத்தைப் பற்றியே தனி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த அளவுக்கு அது கவனிக்க வேண்டிய ஓட்டம்.

உலோக டின்னின் சுவர் முதலில் சூடாகிறது. ஓரத்து மாவு இறுகி நின்றுவிடுகிறது. நடுப்பகுதி இன்னும் இளகி இருப்பதால் மேலே எழும்புகிறது. கேக் குன்றுபோல் உயர்வதும், நேராக ஊற்றிய வரிகள் நடுவில் மேல்நோக்கி வளைவதும் இந்த நேர வேறுபாட்டால்தான். வரியைக் காப்பாற்ற, ஓரமும் நடுவும் இறுகும் நேர இடைவெளியைக் குறைக்க வேண்டும். அதற்கு 180 டிகிரிக்குப் பதில் 160 டிகிரியில் கூடுதல் நேரம் வேகவைக்கலாம். இன்னொரு வழி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணிப் பட்டையை டின்னைச் சுற்றிக் கட்டுவது. 100 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 226 கிலோஜூல் வெப்பம் தேவை. 1200 வாட் ஓவன் மூன்று நிமிடத்துக்கு மேல் எரிந்து தரும் வெப்பம் அது. துணியில் ஈரம் இருக்கும்வரை சுவர் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. துணி சூட்டுக் கம்பியைத் தொடாமலும் காய்ந்துபோகாமலும் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

ஓட்டத்துக்கும் இறுக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் உருவம் தீர்மானமாகிறது என்பது கேக்குக்கு மட்டும் உரிய விதி அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் நிறுவனம் 2000 முதல் தட்டைக் கண்ணாடி தயாரிக்கிறது. ஏறத்தாழ 1000 டிகிரியில் உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு, 600 டிகிரிக்கு இறங்குவதற்குள் சமதளமாகப் பரவச் செய்வது இந்தத் தொழிலின் முறை. அலாஸ்டர் பில்கிங்டன் 1950களில் உருவாக்கிய உத்தி இது. கண்ணாடி ஆறும்போது இறுகுகிறது, கேக் சூடேறும்போது இறுகுகிறது. திசை மாறினாலும் கேள்வி ஒன்றே: இறுகுவதற்கு முன் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் ஓட விடலாம்?

நிறம் சேர்ப்பவர்களுக்கு வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும். பீட்ரூட்டின் சிவப்பு சூட்டில் மங்கிப் பழுப்பாகும். மஞ்சள் தூள் சோடா உப்பு மிகுந்தால் சிவக்கும். சங்குப்பூவின் நீலம் எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாகும். மாவின் அமில, காரச் சமநிலையை மாற்றினால் வரியின் நிறமும் மாறும்.

எட்டு கேக்கில் ஒரு சோதனை

இப்போது சந்தேகத்துக்குரியவை பல: மாவின் பதம், ஓவனின் சூடு, ஈரத் துணி. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே முறை என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் அதைவிடச் சிறந்த வழியைக் காட்டினார். 1935இல் வெளிவந்த அவருடைய சோதனை வடிவமைப்பு நூல் அறிவியலின் செயல்முறையையே மாற்றியது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்று, ஆனால் திட்டமிட்டு மாற்று என்பதே அதன் சாரம்.

மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள்: மாவு கெட்டி அல்லது இளகல், சூடு 160 அல்லது 180, துணி உண்டு அல்லது இல்லை. மொத்தம் எட்டுச் சேர்க்கைகள். எட்டையும் சிறு டின்களில் வேகவைத்து, குறுக்கே வெட்டி, நடு வரி எத்தனை மி.மீ. வளைந்தது என்று அளக்க வேண்டும். எந்தக் காரணியை எடுத்தாலும் நான்கு கேக் ஒரு பக்கம், நான்கு கேக் மறுபக்கம் நின்று ஒப்பீட்டுக்கு உதவும். ஒவ்வொன்றாக மாற்றும் முறையில் இதே துல்லியத்துக்குப் பதினாறு கேக் தேவைப்படும். அப்போதும், 180 டிகிரியில் பெரிதாக உதவும் துணி 160 டிகிரியில் அவ்வளவாக உதவவில்லை என்பது போன்ற கூட்டு விளைவுகள் தெரியாமல் போய்விடும். எந்தச் சேர்க்கையை முதலில் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். அன்றைய வெயில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாகிவிடாமல் அது காக்கும்.

இந்த முறையை அடுத்த படிக்கு உயர்த்தியவர் ஜப்பானின் கெனிச்சி தகுச்சி. அவருடைய பேர்சொல்லும் வேலை 1953இல் இனா ஓடு நிறுவனத்தில் நடந்தது. சூளைக்குள் சூடு சீராக இல்லாததால் ஓரத்தில் அடுக்கிய ஓடுகள் அளவு தப்பின. சூளையை மாற்றப் பெரும் பணம் வேண்டும். மண் கலவையில் சுண்ணாம்பின் அளவை 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தியதும், சூளை எப்படி இருந்ததோ அப்படியே இருக்க, ஓடுகள் சீராக வந்தன. சூளையின் குறையைக் கலவை பொறுத்துக்கொண்டது. மறு ஆண்டு தகுச்சி கொல்கத்தாவில் மஹலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து பணியாற்றினார். 1992இல் ஜார்ஜ் பாக்ஸ், ஸ்டீபன் ஜோன்ஸ் இருவரும் இதே சிந்தனையை விளக்கக் கேக் கலவையையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார்கள். மாவு, கொழுப்பு, முட்டைப்பொடி ஆகியவை தயாரிப்பவர் கையில் இருக்கின்றன. ஓவனின் சூடும் நேரமும் வாங்குபவர் வீட்டில் இருக்கின்றன. யார் வீட்டு ஓவனிலும் நன்றாக வரும் கலவையைத் தேடுவதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

பென்னலூர் சமையலறைக்கு இது நேராகப் பொருந்தும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200க்கு இறங்கினால் ஓவனின் திறன் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறையும், ஏனெனில் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வெண்ணெயைச் சர்க்கரையோடு அடிக்க உகந்த வெப்பம் 20 டிகிரியை ஒட்டியது. சித்திரை வெயிலில் அது மேடையிலேயே உருகும். அன்றைக்கு மாவின் பதமே வேறு. மின்சாரத்தையும் வெயிலையும் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்த மாவை எடுத்துக்கொண்டால், உருகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மார்கழியிலும் சித்திரையிலும் பதம் அவ்வளவாக மாறாது. ஜீப்ரா கேக்கின் வழக்கமான செய்முறைகள் எண்ணெயில் அமைந்திருப்பதன் பொருத்தம் இங்கே புரிகிறது. ஓட்டுக்குச் சுண்ணாம்பு செய்ததை இங்கே எண்ணெய் செய்கிறது.

செய்முறையில் விடுபட்ட எண்

இந்தத் தொழிற்பகுதியில் தயாராகும் எந்த உதிரிபாகத்தின் வரைபடத்தை எடுத்தாலும், ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் டாலரன்ஸ் எழுதியிருக்கும்: இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம். அந்த இரண்டாவது எண் இல்லாத வரைபடத்தை வைத்து ஆலையில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். ஆனால் நம் சமையல் நூல்களில் அந்த எண்ணே இல்லை. 180 டிகிரி, 35 நிமிடம் என்று ஒற்றை அளவைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். 170 ஆனால் என்ன ஆகும், பால் இரண்டு ஸ்பூன் கூடினால் வரி நிற்குமா என்று சொல்வதில்லை. கேக் கெட்டால் கைப்பக்குவம் போதவில்லை என்று செய்தவரே தன்னை நொந்துகொள்கிறார். பெரும்பாலான நேரம் பிழை அவருடையது அல்ல. இம்மி பிசகினாலும் தாங்காத செய்முறையுடையது.

வரிகளை அளந்து பழகியவர் அந்த விடுபட்ட எண்ணைக் கண்டுபிடித்து எழுதிவைக்கலாம். புனலில் மாவு வடிய எத்தனை விநாடியிலிருந்து எத்தனை விநாடி வரை இருந்தால் வரி நிற்கிறது, எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூடு வரை வளைவு கண்ணில் படுவதில்லை, மாவு எத்தனை நிமிடம் காத்திருக்கலாம் என்று மூன்று வரி எழுதினால் போதும். அப்படி எழுதிய குறிப்பு வேறோர் ஊரில், வேறோர் ஓவனில், முதன்முறை கேக் செய்பவருக்கும் பயன்படும். ஒரு முறை அழகாக வந்த கேக் செய்தவரின் திறமையைக் காட்டுகிறது. யார் செய்தாலும் அழகாக வரும் கேக் ஓர் அறிவாகிறது. சமையலறையில் பிறக்கும் அந்த அறிவையும் ஆலையில் பிறப்பதற்கு இணையாக மதித்து நாம் எழுதிவைக்க வேண்டும், படிக்க வேண்டும், அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.